டிரெஸ்டனை விட்டுக் கிளம்பியபோது என் அறைக்கு வந்தவர்கள்

2024 செப்டம்பரில் டிரெஸ்டனை விட்டுக் கிளம்பினேன். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ். தீசிஸ் கொடுத்து, டிஃபென்ஸும் முடிந்துவிட்டிருந்தது. ஜெர்மனியில் பட்டம் வாங்கியவர்கள் வேலை தேடிக்கொண்டு 18 மாதம் வரை தங்கலாம் என்பதால், பார்த்தவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அப்புறம் ஏன் போற?" எனக்கு ஊரில் வேலை உறுதியாகியிருந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய காரணமும் இருந்தது. யாரும் என்னைத் துரத்தவில்லை, நானே எடுத்த முடிவு. நாமே எடுத்த முடிவு வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசி வாரங்களுக்கு எல்லோரும் ஒரு பட்டியல் போடுவார்கள். ஸ்விங்கர் அரண்மனையை இன்னொரு முறை, பாஸ்டை பாறைப் பாலத்தில் ஒரு சூரிய உதயம், ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் பிராக். நானும் போட்டேன், பாதிகூடப் போகவில்லை. வருத்தமும் இல்லை. 'இதுதான் கடைசி' என்று நினைத்துக்கொண்டே ஓர் இடத்தைப் பார்த்தால் இடம் எங்கே கண்ணில் படுகிறது? நம் நினைப்புதான் குறுக்கே நிற்கிறது. எனக்கு இன்றைக்கும் மனதில் இருப்பவர்கள், சாமான் வாங்க என் அறைக்கு வந்துபோன ஆட்கள்.

கிளம்புவதென்றால் அறையைக் காலி செய்தாக வேண்டும். கட்டில், மேசை, அலமாரி ஹாஸ்டலுடையவை. மற்றதெல்லாம் நம் தலையில். சைக்கிள், பிரிண்டர், மேசை விளக்கு, இரண்டு தொட்டிச் செடி, எனக்கு முன்னால் இருந்த யாரோ விட்டுப்போன நாற்காலி. பழைய சாமான் விற்க அங்கே எல்லோரும் போவது க்ளைன்அன்ட்ஸைகன் தளத்துக்குத்தான். படம் எடுத்துப் போட்ட கையோடு மெசேஜ் வரும்: "இன்னும் இருக்கா?" இருக்கிறது என்று பதில் போட்டால் ஆள் காணாமல் போய்விடுவார். இன்னொரு ரகம் வணக்கம்கூடச் சொல்லாமல் "கடைசி விலை என்ன?" என்றுதான் ஆரம்பிக்கும். இவர்களுக்கு நடுவில், வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே கீழே வந்து நிற்பவர்களும் உண்டு.

பிரிண்டர் வாங்க வந்த பெண் அப்படிப்பட்டவர். ஒரு பக்கம் அச்சடித்துக் காட்டச் சொன்னார். லேப்டாப்பில் சட்டென்று கைக்கு வந்த கோப்பு என் தீசிஸ்தான். நன்றியுரைப் பக்கத்தை அடித்துக் கொடுத்தேன். மை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார் என நினைத்தால், நின்றபடியே முழுசாகப் படித்தார். "பேராசிரியருக்கு நன்றி, சரி. பாட்டிக்கு எதற்கு?" என்றார். அது பெரிய கதை, சுருக்கிச் சொன்னேன். 15 யூரோதான் கேட்டிருந்தேன். 20 கொடுத்துவிட்டு மீதி வேண்டாம் என்றவர், அந்தப் பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். என் தீசிஸைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.

விலை போகாததை அட்டைப்பெட்டியில் போட்டு, 'இலவசம்' என்று எழுதித் தெருவோரம் வைத்துவிடுவது அங்கே சகஜம். நானும் வைத்துவிட்டு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஒரு பையன் ஸ்டேப்ளரை எடுத்தான். காற்றில் இரண்டு முறை அழுத்தினான், பின் இல்லை என்று தெரிந்ததும் திருப்பி வைத்துவிட்டான். எங்கேயோ கிடந்த பின் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு நான் மாடியிறங்குவதற்குள் பையனும் இல்லை, ஸ்டேப்ளரும் இல்லை.

இதற்கிடையில்தான் பாலம் விழுந்தது. செப்டம்பர் 11, புதன்கிழமை. விடிந்து எழுந்தால் குழாயில் வெந்நீர் வரவில்லை. ஹாஸ்டல் வெந்நீர்தான் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது என்று திட்டிக்கொண்டே போனைத் திறந்தால், கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்பே ஆற்றுக்குள் மடிந்து கிடக்கிறது. அருகருகே மூன்று பாலங்களாகக் கட்டியிருந்ததில், டிராம் ஓடும் பாலம். சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு, அதிகாலை மூன்று மணி வாக்கில் இடிந்து விழுந்திருந்தது. கடைசி டிராம் கடந்துபோய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. நகரத்துக்கு வெந்நீர் கொண்டுபோகும் பெரிய குழாய்களும் பாலத்தோடு சேர்ந்து உடைந்திருந்தன.

முந்தைய நாள் மாலைதான் 7ஆம் எண் டிராமில் அதன்மேல் போயிருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், நொய்ஸ்டாட்டில் நான் பகுதிநேரமாக வேலை பார்த்த கஃபேயில் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. வண்டி பாலத்தில் ஏறியதும் இடப்பக்கம் ஆற்றோர மாடம், அதற்குப் பின்னால் ஃபிராவன் தேவாலயத்தின் கவிகை எல்லாம் வரிசையாகத் தெரியும். அன்று நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நாற்காலிக்குப் பத்து யூரோவா எட்டு யூரோவா என்று ஒருவரோடு போனில் பேரம் நடந்துகொண்டிருந்தது. போகப்போவது நான்தான், ஊர் அப்படியே இங்கேயே இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த வாரமே வெள்ளம். மத்திய ஐரோப்பாவில் பெய்த பெருமழையால் எல்பே 6 மீட்டரைத் தாண்டி ஓடியது. நாங்கள் கோடை முழுக்கப் போய் உட்கார்ந்திருந்த கரையோரப் புல்வெளிகள் தண்ணீருக்குள். கரையில் கூட்டம் கூட்டமாக நின்று எல்லோரும் பார்த்தார்கள். தெரியாதவர்கள்கூடப் பேச்சுக் கொடுத்தார்கள். டிரெஸ்டனில் இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

சைக்கிள் வாங்க வந்தவரும் அந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் வந்தார். அறுபதைத் தாண்டியவர். பேத்தி அக்டோபரில் கல்லூரியில் சேர்கிறாளாம், அவளுக்காக. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றிவிட்டு, சக்கரம் தானாக நிற்கும் வரை காதைக் கொடுத்துக் கேட்டார். செயினை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். பின் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று பத்து யூரோ குறைத்தார். நியாயம்தான், தேய்ந்துதான் இருந்தது.

பேச்சு தானாகப் பாலத்துக்குப் போனது. "அதைத் திறந்தது 1971இல். அப்போது நான் சின்ன வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பெயரும் அப்போது வேறு, ருடால்ஃப் ஃப்ரீட்ரிக்ஸ் பாலம். கரோலா என்ற பழைய பெயர் 1991இல்தான் திரும்பி வந்தது" என்றார். "நான் அதைவிட மூத்தவன். என் மூட்டே இன்னும் தாங்குகிறது, அது போய்விட்டது பாருங்கள்." வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். கையை உதறினார். 2002 ஆகஸ்டில் 9.40 மீட்டர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு வெள்ளமா என்பது அவர் கட்சி.

இந்த வண்டியில் எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆற்றோரமாகவே ஒரு பக்கம் மைசன் வரை, இன்னொரு பக்கம் பில்னிட்ஸ் அரண்மனை வரை என்றேன். "1893இல் கட்டிய அந்த நீலப் பாலத்தைத் தாண்டித்தானே பில்னிட்ஸ்? அப்படியென்றால் வண்டிக்கு வழி தெரியும். பேத்திக்குக் கவலையில்லை." பணத்தைக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தவர் நிமிர்ந்து, "சீட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். வண்டி அவருடையது, என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கிளம்புகிற வேலைகளில் அதுவரை எதற்கும் அழாதவள், அங்கே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

காகித வேலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கிளம்பப் போகிறவர்களுக்கு உதவும். நாட்டை விட்டே போகிறவர்கள் நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவை நீக்க வேண்டும், அப்மெல்டுங் என்பார்கள். கிளம்புவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் செய்ய முடியாது, போன பிறகு இரண்டு வாரத்துக்குமேல் தள்ளவும் கூடாது. அந்தத் தாள் கையில் இருந்தால்தான் மற்றது நகரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வாங்கும் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்தவும் அதைத்தான் கேட்பார்கள். வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். அறைக்குக் கட்டிய டெபாசிட் திரும்பிவர மாதக்கணக்கில் ஆகலாம். எனக்கு அந்தத் தாளைக் கொடுத்த அம்மாள் கணினியில் எல்லாம் தட்டி முடித்துவிட்டு, "எப்போது திரும்பி வருகிறீர்கள்?" என்று கேட்டார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

ஆய்வுக்கூடத்தில் விடைபெறுகிறவர்தான் கேக் கொண்டுபோக வேண்டும். பிறந்தநாளுக்கும் அங்கே அதே கதைதான், கொண்டாடப்படுகிறவர் செலவு. கொண்டுபோனேன். பேராசிரியர் இரண்டு துண்டு சாப்பிட்டார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

நண்பர்களை வழியனுப்பியது தனிக் கொடுமை. எல்லோரும் ஒரே நாளில் போய்த்தொலைந்தால் ஒருமுறை அழுதுவிட்டு முடித்துக்கொள்ளலாம். செமஸ்டர் செப்டம்பர் 30 வரை என்பதால் ஆளுக்கொரு நாள் டிக்கெட் எடுத்திருந்தார்கள். தவணை முறையில் பிரிந்தோம். கடைசியில் பொதுச் சமையலறையில் நான்கு பேர் தட்டு வைக்கும் அடுக்கில் என் தட்டு மட்டும் இருந்தது.

அப்போதுதான் ஜூனியர் வந்தாள். 'சமையல் சாமான் இருக்கு, காசு வேண்டாம்' என்று தமிழ் மாணவர்கள் குழுவில் போட்டிருந்தேன். விமானத்திலிருந்து இறங்கிச் சில நாள்தான் ஆகியிருக்கும், தூக்கம் இன்னும் கண்ணிலேயே இருந்தது. "உள்ள வரலாமா அக்கா?" என்று கேட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு, வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

குக்கரை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அதைக் கொடுத்தது ஒரு சீனியர் அண்ணா. அவருக்குக் கொடுத்தவரை அவருக்கே சரியாக ஞாபகமில்லை. கைப்பிடியில் ஒரு ஸ்க்ரூ மட்டும் வேறு நிறம். அடியில் யாரோ ஆணியால் கீறிய இரண்டு எழுத்து, அது நாங்கள் யாரும் இல்லை. கேஸ்கட் மட்டும் நான் மாற்றியது. கரண்ட் அடுப்பு என்பதால் விசில் தாமதமாக வரும், அணைத்த பிறகும் ஒன்று வரும், பயப்படாதே என்றெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவள் திடீரென்று, "எவ்ளோ நாள்லக்கா பழகும்?" என்றாள்.

"நவம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும். அத மட்டும் தாண்டிடு. அப்புறம் நீயே கேக்க மாட்ட."

"நீங்க அழுதீங்களா?"

"பாத்ரூம்ல. தண்ணியத் திறந்துவிட்டுட்டு."

சிரித்தாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. பொறாமையாகவும் இருந்தது. அவளுக்கு எல்லாமே இனிமேல்தான், அந்த நாலு மணி இருட்டு உட்பட. மூலையில் சேர்ந்திருந்த காலி பாட்டில்களையும் அவளிடமே தள்ளிவிட்டேன். கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். ஜெர்மனியில் அவளுடைய முதல் வருமானம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கடைசி நாள் அறையை ஒப்படைக்க ஹவுஸ்மைஸ்டர் வந்தார், கட்டடத்தைப் பராமரிப்பவர். அதுவரை எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை எல்லாம் குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டது யார் என்பதைப் பற்றித்தான். கையில் அட்டை, அதில் படிவம். ஜன்னல் சட்டத்தை விரலால் தடவினார். குழாயில் சுண்ணாம்புக் கறை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஹீட்டரைத் திறந்து மூடினார். பிறகு மேசைக்கு மேலே சுவரில் கண் போனது. தீசிஸ் அட்டவணையை ஒட்டியிருந்த டேப்பின் பழுப்புக் கோடு ஒன்று, நான் கவனிக்காமல் விட்டது. இதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். மனிதர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் அதைச் சுரண்டினார். பொறுமையாக, மேலிருந்து கீழ்வரை. விரலை ஊதிவிட்டு, படிவத்தில் 'குறை இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டார். சாவியை வாங்கி எண்ணைச் சரிபார்த்தார், கை குலுக்கினார், அடுத்த அறைக்குப் போய்விட்டார். அங்கேயும் யாரோ கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ரயில், ஃபிராங்க்ஃபர்ட், விமானம். அதில் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன்.

டெபாசிட் ஜனவரியில் வந்தது. கரோலா பாலத்தின் மிச்சத்தையும் 2025இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஜூனியர்தான் படம் அனுப்பினாள். அவள் முதன்முதலில் மெசேஜ் போட்டது நான் ஊருக்கு வந்த சில வாரத்தில். ஏதோ அழுகைதான் என்று பயந்துகொண்டே திறந்தேன். "அக்கா, குக்கர் விசில் வந்தா ஃபயர் அலாரம் அடிக்குமா?" என்று கேட்டிருந்தாள். விசிலுக்கு அடிக்காது, தாளிக்கும்போதுதான் அடிக்கும், ஜன்னலை முதலிலேயே திறந்து வைத்துக்கொள் என்று பதில் போட்டேன். "லேட்டுக்கா. கீழ ஃபயர் எஞ்சின் நிக்குது" என்றாள்.