இயன் வுட் முன்னேறியது எண்ணெய் அதிர்ஷ்டத்தால் மட்டும்தானா?

குளச்சல் லேத்து:
எங்களுக்குக் குளச்சலில் ஒரு சின்ன லேத்துப் பட்டறை இருக்கிறது. விசைப்படகு ஷாஃப்ட் வளைந்தது, புஷ் தேய்ந்தது என்று வரும் வேலைகள்தான். தம்பி மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். ஸ்காட்லாந்துக்காரர் சர் இயன் வுட் பற்றி எங்கோ கேள்விப்பட்டு வந்து, "அவரும் படகு ரிப்பேர் வீட்டுப் பிள்ளைதான்" என்று தினமும் சாப்பிட உட்காரும்போது அப்பாவைப் பிடித்துக்கொள்கிறான். அப்பாவோ "அவன் ஊர் கடலுக்கு அடியில எண்ணெய் கிடந்துது, நம்ம கடலுக்கு அடியில என்ன கிடக்கு?" என்கிறார். உண்மையில் அந்த மனிதர் என்னதான் செய்தார்? அரசாங்கத்துக்கும் வேலை பார்த்தாராமே, அது என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வீட்டில் சண்டை தாங்கவில்லை.

முட்டத்து ஆஃப்ஷோர்:
மக்கா, அவர் ஊரான ஸ்காட்லாந்தின் அபர்தீனில் தங்கி வட கடலில் இரண்டு வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான், அதனால் கொஞ்சம் தெரியும். அவர் படித்தது என்ஜினியரிங் இல்லை, மனோதத்துவம்! 1964-ல் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறிவிட்டு வீட்டுத் தொழிலுக்கு வந்தார். மீன்பிடிப் படகுகள், கப்பல் ரிப்பேர், இதுதான் தொழில். 1967-லேயே நிர்வாக இயக்குநர், அப்போது வயது 25. எண்ணெய் அதற்குப் பிறகுதான் வருகிறது. வட கடலில் ஃபோர்ட்டீஸ் என்ற பெரிய எண்ணெய் வயலைக் கண்டுபிடித்ததே 1970-ல்.

உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்த எண்ணெய் இவருடையது இல்லை, பிபி மாதிரி பெரிய கம்பெனிகளுடையது. நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் ஒரு மேடையை நிறுத்திவிட்டால் அதற்குக் குழாய் பற்றவைக்க, வால்வு மாற்ற, உப்புக்காற்றில் துரு ஏறும் இரும்பைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க, கேஸ் டர்பைனைக் கழற்றிச் சரிபார்க்க வருஷம் முழுக்க ஆள் வேண்டும். அந்த வேலையைத்தான் இவர் பிடித்தார். எண்ணெய் எடுக்கிறவனுக்கு லாபமோ நஷ்டமோ, துரு பாட்டுக்குத் துருதான் பிடிக்கும். பிறகு அவருடைய வுட் குரூப் கம்பெனி பல நாடுகளுக்குப் போய், 2002-ல் லண்டன் பங்குச்சந்தையிலும் பட்டியலானது. அவர் 2012-ல் தலைவர் பதவியை விட்டார். ஆமெக் ஃபாஸ்டர் வீலர் என்ற பெரிய என்ஜினியரிங் கம்பெனியை வுட் குரூப் வாங்கியதெல்லாம் 2017-ல், அதை இவர் கணக்கில் எழுதாதீர்கள்.

ஐடிஐ வாத்தியார், நாகர்கோவில்:
அரசாங்க வேலை பற்றிக் கேட்டீர்களே. 1997 முதல் 2000 வரை ஸ்காட்டிஷ் என்டர்பிரைஸ் தலைவராக இருந்தார், தொழில் வளர்க்கிற அரசு அமைப்பு அது, நம்ம ஊர் சிப்காட், டான்சி எல்லாம் சேர்ந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது அதுவல்ல, இளைஞர் வேலைவாய்ப்புக்காக ஸ்காட்லாந்து அரசு போட்ட குழுவுக்கு இவர் தலைமை தாங்கியதுதான். 2014-ல் அறிக்கை கொடுத்தார்கள். பள்ளியில் படிக்கும்போதே தொழில் பயிற்சியும் சேர்ந்து நடக்க வேண்டும், முதலாளிகளும் பள்ளிக்கூடங்களும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பது சாரம். இளைஞர் வேலையின்மையை 2021-க்குள் 40 சதவீதம் குறைப்பது இலக்கு, நான்கு வருஷம் முன்பே எட்டிவிட்டார்கள். பொருளாதாரம் மேலே வந்ததும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே என்னிடம் ஃபிட்டர் சேர வரும் பையன்களில் பாதிப்பேர் "பிளஸ் டூவில் மார்க் இல்லை சார்" என்று தலை குனிந்துகொண்டுதான் உள்ளே வருகிறான், அதைப் பார்க்கிறவனுக்கு அந்த அறிக்கை உறைக்கும்.

தேங்காய்ப்பட்டணம் கடலோரம்:
எல்லாரும் பாராட்டிவிட்டீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அபர்தீன் நடுவில் யூனியன் டெரஸ் கார்டன்ஸ் என்று பள்ளத்தில் ஒரு பழைய பூங்கா உண்டு. அந்த இடத்தில் புதிதாகச் சதுக்கமும் தோட்டமும் கட்ட 2008-ல் தன் கையிலிருந்து 5 கோடி பவுண்டு தருவதாகச் சொன்னார். ஊரே இரண்டாகப் பிரிந்தது. 2012-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள், 52 சதவீதம் ஆதரவு. அதே வருஷம் ஆகஸ்ட்டில் மாநகராட்சி 22-க்கு 20 என்று திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது. சும்மா தரும் பணத்தையே வேண்டாம் என்று சொன்ன ஊர் அது!

அப்புறம் பிரிட்டன் அரசுக்காக அவர் கொடுத்த வுட் ரிவியூ என்ற ஆய்வறிக்கை, 2014 பிப்ரவரி. எண்ணெய் வயல்கள் சின்னதாகிவிட்டன, ஒருவன் குழாயை இன்னொருவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறான், இவர்களை உட்கார வைத்துப் பேச ஒரு வலுவான கட்டுப்பாட்டு அமைப்பு வேண்டும், அப்படிச் செய்தால் 20 வருஷத்தில் இன்னும் 300 முதல் 400 கோடி பீப்பாய் எடுக்கலாம் என்றார். அந்த அமைப்பும் வந்தது. நல்ல மூளை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, குமரிக் கடலில் எண்ணெய் தேடக் கூடாது என்று நம் கரையில் இத்தனை பேர் போராடும்போது, அந்த மேடைகளுக்குப் பெயின்ட் அடித்து முன்னேறலாம் என்று தம்பிக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முட்டத்து ஆஃப்ஷோர்:
கடலோரம், உன் கோபம் நியாயம். நான் மேடையைச் சொல்லவில்லை, துருவைச் சொன்னேன். துறைமுகத்திலும் துரு உண்டு, காற்றாலையிலும் உண்டு. ஆரல்வாய்மொழிப் பக்கம் எத்தனை காற்றாடி நிற்கிறது, அதற்குக் கியர்பாக்ஸ் சரிபார்க்கிறவன் எந்த ஊர்க்காரன் என்று தம்பியை விசாரிக்கச் சொல்.

குளச்சல் லேத்து:
எல்லாருக்கும் நன்றி. வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 5 கோடி பவுண்டை ஊர் வேண்டாம் என்ற இடத்தில் அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு ஆரல்வாய்மொழி போயிருக்கிறான், மதியம் ஆகியும் வரவில்லை.