குழந்தைக்குக் காத்திருப்போர்: சேலம் பக்கம் நாள் கணக்கும் டெஸ்ட்டும் தப்பும் இடங்கள்

அஸ்தம்பட்டி, ஆய்வகப் பணி

விந்துப் பரிசோதனையில் அடிக்கடி பார்ப்பது இது. ஏற்காட்டில் வீட்டிலேயே மாதிரியை டப்பாவில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும், மலைக்குளிரில் மாதிரியும் ஆறிப்போகும். ஆறினால் அணுக்களின் ஓட்டம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். நல்லா இருக்கும் மனிதர் ரிப்போர்ட்டைப் பார்த்து நொந்துபோவார். தயவுசெய்து கீழே வந்து ஆய்வகத்திலேயே கொடுங்கள்.

கடைசியாக விந்து வெளியேறியதற்கும் மாதிரி கொடுப்பதற்கும் நடுவே 2 முதல் 7 நாள் வரை இடைவெளி வேண்டும். சங்ககிரி லாரிக்காரர்கள் இருபது நாள் லோடு முடித்து வந்த கையோடு கொடுப்பார்கள். தேங்கிய அணுக்களில் ஓட்டம் மந்தமாக இருக்கும். ஒருமுறை வெளியேறிய பிறகு, இரண்டு மூன்று நாள் விட்டுக் கொடுப்பதே சரி. சோப்பு, எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வரும் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எடுக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுப்படி கீழ் வரம்பு: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.யில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அசைபவை 42 சதவீதம். இதற்குக் கீழே வந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. ஓர் அணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். கடும் காய்ச்சல் வந்து போயிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மருமகளை மட்டும் வருஷக்கணக்கில் டாக்டர் டாக்டராக அலைய விடுவதைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது. இது செலவு குறைந்த, வலியில்லாத டெஸ்ட். முதல் வாரமே எடுங்கள்.

சூரமங்கலம், செவிலியர்

கருமுட்டை வெடிக்கிறது 14-ம் நாள்னு எல்லாரும் மனப்பாடமா வெச்சிருக்காங்க. அது 28 நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிக்கிறவங்களுக்குத்தான் பொருந்தும். அடுத்த தீட்டு வர்ற நாள்ல இருந்து பின்னாடி 14 எண்ணணும். 34 நாள் சுழற்சின்னா சுமார் 20-ம் நாள்தான் முட்டை வெடிக்கும். முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்கூட முழுசா இருக்காது, விந்தணு 5 நாள் வரைக்கும் உள்ளே உயிரோட இருக்கும். அதனால வெடிக்கிறதுக்கு முந்தின நாட்கள்தான் முக்கியம். முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுன்னு இழுபடுற வெள்ளை வந்தா, அப்போ இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தா போதும்.

முட்டை வெடிக்கப் போறதைச் சிறுநீர்ல காட்டுற எல்.எச். ஸ்ட்ரிப்பை மத்தியானத்துக்கு மேல போடுங்க, அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் தண்ணி நிறைய குடிக்காதீங்க. ரெண்டாவது கோடு மங்கலாத் தெரிஞ்சா பாசிட்டிவ் இல்லைங்க. கன்ட்ரோல் கோட்டளவு அழுத்தமா இருக்கணும். அதுக்கப்புறம் 24–36 மணி நேரத்துல வெடிக்கும். சினைப்பையில நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) இருக்கிறவங்களுக்கு ஸ்ட்ரிப் ஏமாத்தும், அவங்களுக்கு முட்டை வளர்றதைப் பார்க்குற ஃபாலிக்கிள் ஸ்கேன்தான் நம்பகம்.

முட்டை வெடிச்சுதான்னு அடுத்த தீட்டுக்கு ஏழு நாள் முன்னாடி பார்க்குற ப்ரோஜெஸ்டிரோன் ரத்த டெஸ்ட்டிலும் இதே தப்பு நடக்குது. 35 நாள் சுழற்சிக்காரங்களுக்கு 21-ம் நாள் எடுத்துட்டு "முட்டையே வரலை"ன்னு அழுவாங்க. அவங்க 28-ம் நாள் எடுக்கணும்.

செவ்வாய்ப்பேட்டை, மருந்தாளுநர்

வெள்ளிப் பட்டறையில் உலை முன்னால் நாள் முழுக்க உட்காருபவர்களுக்கு ஒரு வார்த்தை. விரை உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும். இடையிடையே எழுந்து நடங்கள், தளர்ந்த பருத்தி உள்ளாடை போடுங்கள். புகையிலை, ஹான்ஸ் அறவே வேண்டாம்.

மனைவிக்கு ஃபோலிக் ஆசிட் தினம் 0.4 மி.கி., கரு நிற்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே. நாள் தள்ளிப்போன பிறகு கடைக்கு வருகிறார்கள். இந்த மாத்திரை காக்க வேண்டிய குழந்தையின் நரம்புக்குழாய் (மூளையும் தண்டுவடமும் ஆகும் பகுதி) மூடுவது கருவுற்ற நாலு வாரத்துக்குள், அதாவது பலருக்கும் விஷயம் தெரியும் முன்னரே. சர்க்கரையோ வலிப்பு மாத்திரையோ இருந்தால் அளவு மாறும், டாக்டரிடம் கேளுங்கள்.

மனைவியின் வயது 35-க்குக் கீழே என்றால், டாக்டரிடம் போகும் முன் ஒரு வருஷம் முயன்று பார்க்கலாம். தாண்டிவிட்டால் ஆறு மாதம். தீட்டே ஒழுங்காக வராதவர்கள் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பவர்கள், 35 தாண்டிய பெண்ணாக இருந்தால் அந்த ஒரு மாதத்தையும் யோசித்துச் செய்யுங்கள்.