மேல் மாடி வீடு, ஏசி பில் எகிறுகிறது, என்ன செய்யலாம்?

மதுரை_மாடிவீடு: இரவு பத்து மணிக்குக் கட்டிலில் ஏறிக் கூரையைத் தொட்டால்கூடச் சுடுகிறது, ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. ஏசி ஓயாமல் ஓடி, இந்த முறை 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் போனால் கட்டண விகிதமே கூடிவிடுகிறது. ஃபால்ஸ் சீலிங் போடலாமா?

சுண்ணாம்புக்காரர்: முதலில் மொட்டை மாடியைப் பாருங்கள். வெயிலை மேலேயே திருப்பி அனுப்பிவிட்டால் கான்கிரீட் அவ்வளவு சூடேறாது, சீலிங் மட்டும் போட்டால் தளம் காய்ந்துகொண்டேதான் இருக்கும். நாங்கள் மாசியில் மாடியைத் தேய்த்துக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்பில் பெவிகால் கலந்து இரண்டு கோட் அடித்தோம், சித்திரை மதியத்தில் வெறுங்காலோடு துணி காயப்போட முடிந்தது. மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்கணும்.

தென்காசி_அக்கா: விரிசல் இருந்தால் அதை அடைத்துவிட்டு அடியுங்கள் தம்பி. அப்புறம் மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்கள், உள்ளே திரை போட்டால் கண்ணாடி தாண்டி வந்த சூடு அறைக்குள்ளேயே நிற்கும்.

மதுரை_மாடிவீடு: சரி அக்கா, ஞாயிற்றுக்கிழமையே மாடியைக் கழுவிவிடுகிறேன். ஏசி 20-இல் ஓடுகிறது, கூட்டலாமா?

சுண்ணாம்புக்காரர்: 26 வைத்து ஃபேனையும் போடுங்கள். கதவுக்குக் கீழே இடுக்கு இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.