புதுப்பிப்பு: காண்டாமிருகத்தின் வயிற்றில் வளரும் ஈ

ஆப்பிரிக்கக் காண்டாமிருகங்களின் வயிற்றில் புழுப்பருவத்தைக் கழிக்கும் ஜைரோஸ்டிக்மா ரைனோசெரோன்டிஸ் என்னும் ஈயைப் பற்றி இந்த இழையில் முன்பு எழுதியதற்கு, முட்டை உள்ளே போவது எப்படி என்றும், மருந்து கொடுத்துப் புழுவை நீக்கிவிடலாமே என்றும் நண்பர்கள் கேட்டிருந்தனர்.

பெண் ஈ தன் முட்டைகளைக் காண்டாமிருகத்தின் தலைப்பகுதியிலும் கொம்பின் அடியிலும் தோலோடு ஒட்டிவிடுகிறது. பொரித்து வரும் புழுக்கள் உள்ளே சென்று, வாயிலுள்ள கொக்கிகளால் இரைப்பைச் சுவரைப் பற்றிக்கொண்டு வளர்ந்து, முற்றியபின் சாணத்தோடு வெளியேறி, மண்ணில் கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஆறு வாரங்களில் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய ஈயாக வெளிவருகின்றன. கருத்த உடலும் செம்மஞ்சள் தலையும் கொண்ட அதை முதன்முறை பார்ப்பவர் குளவி என்றே நினைப்பார். உணவே உட்கொள்ளாமல் சில நாள்களே வாழும் அது, அதற்குள் இணையையும் இன்னொரு காண்டாமிருகத்தையும் தேடிக் கண்டாக வேண்டும்.

மருந்து கொடுத்தால் புழு நீங்கும். ஆனால் காண்டாமிருகங்களே அருகிவிட்ட நிலையில், அவற்றையன்றி வேறு புகலிடம் இல்லாத இந்த இனமும் சேர்ந்தே மறைந்துவிடும் என்பதால், நலமாக உள்ள விலங்குக்கு அதைக் கொடுக்குமுன் பலமுறை யோசிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சுமத்திரா காண்டாமிருகத்தில் வாழும் இதன் உறவினம், 1884-இல் விவரிக்கப்பட்ட பின்னும் புழு வடிவில் மட்டுமே அறியப்பட்டுள்ளது.