என் ஜெபக் குறிப்பேடு முழுவதும் நான்தான் இருக்கிறேன்

கேள்வி

ஸ்தோத்திரம். 11 ஆண்டுகளாக ஜெபக் குறிப்பேடு எழுதி வருகிறேன். சென்ற வாரம் பழைய பக்கங்களைப் புரட்டினேன். என் வேலை, என் உடல்நலம், என் மகனின் தேர்வு, என்னைப் புண்படுத்தியவர் மனம் மாற வேண்டும் என்று பக்கம் பக்கமாக விண்ணப்பங்கள். பதில் கிடைத்தவற்றுக்குச் சிவப்பு மையில் குறியிட்டிருக்கிறேன். தேவனுடைய நாமத்துக்காகக் கேட்ட ஒரு வரியைக்கூடக் காணவில்லை.

ஊழியமும் இப்படித்தான். பாடகர் குழுவில் இருக்கிறேன். "இன்று நன்றாகப் பாடினீர்கள்" என்று யாரும் சொல்லாவிட்டால் மாலைவரை மனம் சுருண்டுவிடுகிறது. இதைத் திருத்த இரண்டு மாதம் இரவுதோறும் என்னை நானே சோதித்துப் பார்த்தேன். இப்போது என் தாழ்மையையே அளந்துகொண்டிருக்கிறேன்! "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்று இயேசுவைக் குறித்து யோவான் ஸ்நானகன் சொன்னது எனக்குள் எப்படி நடக்கும்? சொந்தத் தேவைகளைக் கேட்பதையே நிறுத்திவிடட்டுமா?

பதில் 1

நிறுத்தாதீர்கள், சகோதரரே. 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் மட்டும் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான் தாவீது. தன் வலியைத்தான் பேசுகிறான், ஆனால் தேவனுடைய முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். ஐந்தாம் வசனத்துக்கு வரும்போது அவன் கண் அவருடைய கிருபையின்மேல் இருக்கிறது.

என் தாய் மூன்று ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். "சுகம் தாரும்" என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஜெபம் தெரியாது. ஒருநாள் நள்ளிரவில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது, "ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர்" என்று வாய் தானாகச் சொன்னது. அம்மாவுக்குச் சுகம் கிடைக்கவில்லை. அந்த வார்த்தை மட்டும் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை.

பதில் 2

உங்கள் இரவுச் சோதனைதான் எனக்குக் கவலை தருகிறது. லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமையில் இருவர் ஜெபிக்கிறார்கள். அதில் வரும் பரிசேயனும், அதாவது மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்பவனும், "தேவனே" என்றுதான் தொடங்குகிறான், ஸ்தோத்திரமும் செலுத்துகிறான். ஆனால் சொல்வதெல்லாம் தன் உபவாசமும் தன் தசமபாகமும்தான். வரி வசூலிக்கும் ஆயக்காரனோ தன் பாவத்தைக்கூட விவரிக்கவில்லை. இரக்கம் கேட்டான், அவ்வளவுதான்.

1515–16-இல் ரோமர் நிருபத்தைப் போதித்தபோது, திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், பாவம் மனிதனைத் தன்மேலேயே வளைத்துவிடுகிறது என்றார். வளைந்த கம்பி தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ள முடியுமா? அந்த நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் "நான், நான்" என்று தவிக்கிற அதை எழுதிய பவுல், 8-ஆம் அதிகாரத்தில் ஆவியானவரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். சோதித்தறிவது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். திருவிருந்துக்கு முன் அதைச் செய்யும்படி பவுலே எழுதியிருக்கிறார். ஆனால் இப்போதைக்கு அந்த இரவுக் கணக்கை மூடிவையுங்கள். அந்த நேரத்தில் சுவிசேஷத்தில் ஒரு பகுதியை வாசித்து, இயேசு என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

பதில் 3

பார்ப்பது மட்டும் போதாது என்பது என் அனுபவம். கையும் பழக வேண்டும். பாராட்டு உங்களைக் கட்டிப்போடுகிறது என்றால், யாருக்கும் தெரியாத ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வீட்டிலும் சொல்லாதீர்கள். குறிப்பேட்டுக்கு, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தின் வரிசையையே வைத்துக்கொள்ளலாம். உம்முடைய நாமம், உம்முடைய ராஜ்யம், உம்முடைய சித்தம். அதற்குப் பிறகுதான் ஆகாரம். அதுவும் "எங்களுக்கு", அந்த ஜெபத்தில் "எனக்கு" என்ற சொல்லே கிடையாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று அந்த வரிசையில் எழுத உட்கார்ந்தேன். நாமமும் ராஜ்யமும் எளிதாக வந்தன. "உம்முடைய சித்தம்" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. மகனின் தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. அவன் தோற்றாலும் அந்த வரி அப்படியே நிற்க வேண்டுமே என்ற பயம். நெடுநேரம் கழித்து, அதன் கீழே அவன் பெயரை மட்டும் எழுதினேன். என்ன வேண்டும் என்று எழுதவில்லை. சகோதரி, உங்கள் தாயைப் பற்றி நீங்கள் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.