ஊசிக்கு முன் எடுக்கும் ரத்தம்: சேலம் பக்கத் திருநம்பிகளுக்கு

அஸ்தம்பட்டி லேப்காரர்:
தம்பிகளே, டெஸ்டோஸ்டிரோன் ஊசி உடம்பில் ஏறிவிட்டால் உங்கள் பழைய அளவு என்ன என்று அப்புறம் தெரிந்துகொள்ள முடியாது. மாதவிடாய் வருகிறவர்கள் 2 முதல் 5ஆம் நாளுக்குள், காலை 10 மணிக்கு முன் ரத்தம் கொடுங்கள். எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன், 17 ஓ.எச்.பி., புரோலாக்டின், டி.எஸ்.எச். (தைராய்டு) ஆகிய ஹார்மோன் சோதனைகள் எல்லாவற்றுக்கும் ஒரே தடவை எடுத்தால் போதும். முடி கொட்டாமலிருக்க பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் 2, 3 நாள் முன்பே நிறுத்துங்கள். ஹார்மோன், தைராய்டு அளவுகளை அது தப்பாகக் காட்டும். கருத்தடை மாத்திரை எடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகத் தெரியும், டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ரிப்போர்ட்டில்தான். ‘ஆண்’ என்று பதிந்தால் கம்ப்யூட்டர் ஆண் அளவோடு ஒப்பிடும். டெஸ்டோஸ்டிரோன் 90 நானோகிராம் என்றால் ‘மிகக் குறைவு’ என்று அச்சாகும். ஊசி போடாத உடம்புக்கு அது கூடுதல்! பிசிஓடி (ஆண் ஹார்மோன் கூடி மாதவிடாய் ஒழுங்கு கெடும் சினைப்பைக் கோளாறு) அங்கேயே கண்ணில் படாமல் போகிறது. பெயர், பாலினம் உங்கள் விருப்பப்படியே இருக்கட்டும். இரண்டு ஒப்பீட்டு அளவும் அச்சிடச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்கேன் அறை:
அண்ணன் சொன்ன பிசிஓடிக்கு ஸ்கேன் கட்டாயமில்லை. மாதவிடாய் ஒழுங்கில்லை, ஆண் ஹார்மோனும் கூடுதல் என்றால், வேறு காரணம் இல்லை என்று உறுதியானதும் அதுவே போதும். தேவைப்பட்டாலும் வயிற்றின் மேல் வைத்தே பார்க்கலாம். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். உள்ளே வைக்கும் ஸ்கேனை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஏற்காடு நர்ஸ்:
சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) மட்டும் நம்பாதீர்கள். ரத்தப்போக்கு அதிகமாகி இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அது கூட்டிக் காட்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள்: 140க்குள் நல்லது, 140 முதல் 199 வரை சர்க்கரையின் முன்நிலை, 200 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். ரிசல்ட் நன்றாக வரட்டும் என்று முந்தைய 3 நாள் சோற்றைக் குறைக்காதீர்கள், உள்ளதைவிடக் கூடத்தான் வரும்.

இரவு 8 மணி நேரமாவது வெறும் வயிறு; தண்ணீர் மட்டும், கடுங்காப்பியும் கூடாது. வெறும் வயிற்றோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கியதும் குளுக்கோஸ் குடித்தால் வாந்தி வரும், டெஸ்ட் வீணாகும். அரை மணி உட்கார்ந்துவிட்டுக் குடியுங்கள்.

மலையிலேயே வசிப்பவர்களுக்கு ஹீமோகுளோபின், ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) இயல்பாகவே சற்றுக் கூடுதல். ஊசியும் அதை ஏற்றும். ஹெமட்டோக்ரிட் 54 சதவீதம் தாண்டினால் டாக்டர் டோஸைக் குறைப்பார் அல்லது நிறுத்தி வைப்பார். ஏற்காட்டு முகவரியைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.