ரிலையன்ஸ் 10 வருட ரிட்டர்ன், ரிஸ்க்: ஒரே நாளில் 50% வீழ்ச்சி காட்டுகிறதே?

கேள்வி – கணக்குநோட்டு
ரிலையன்ஸின் 10 வருட தினசரி குளோசிங் விலையை என்எஸ்இ தளத்திலிருந்து இறக்கி எக்செல்லில் போட்டேன். 2024 அக்டோபர் 28 அன்று பாதியாக விழுந்ததாகக் காட்டுகிறது. ஸ்டாண்டர்டு டீவியேஷன் (ரிட்டர்ன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) எகிறுகிறது. எப்படிச் சரிசெய்வது? ரிஸ்க்குக்கு அந்த ஒரு எண் போதுமா?

பதில் – தராசுமுள்
அது வீழ்ச்சி இல்லை, 1:1 போனஸ். ஒரு பங்கு இரண்டானது, விலை பாதியானது. அந்தத் தேதிக்கு முந்தைய விலைகளை 2-ஆல் வகுங்கள். 2017 செப்டம்பரிலும் ஒரு 1:1 போனஸ் உண்டு. அதற்கும் முந்தையவற்றை 4-ஆல்.

பலரும் கோட்டை விடுவது 2023 ஜூலை 20. ரிலையன்ஸிலிருந்து அதன் நிதிப் பிரிவான ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்த நாள். முந்தைய நாள் குளோசிங் 2,841.85, பிரிந்தபின் சிறப்பு ப்ரீ-ஓப்பனில் (சந்தை திறக்கும் முன் விலையைத் தீர்மானிக்கும் அமர்வில்) நின்றது 2,580. இடையிலுள்ள 261.85 ரூபாய் நஷ்டமே அல்ல, தனிப் பங்காக டீமேட்டுக்கு வந்துவிட்டது. ஆகவே அதற்கு முந்தைய விலைகளை மேலும் 0.908-ஆல் பெருக்க வேண்டும். டிவிடெண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தால் ஒப்பிடும் நிஃப்டி குறியீடும் டிஆர்ஐ-யாக (டிவிடெண்டையும் சேர்த்த வடிவமாக) இருக்கட்டும், வெறும் நிஃப்டி வேண்டாம்.

பதில் – ஏற்றஇறக்கம்
தினசரி ரிட்டர்னின் டீவியேஷனை 252-இன் (வருடத்தின் சந்தை நாட்கள், தோராயமாக) வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருட அளவு கிடைக்கும். ரிஸ்க்கை அறிய அது மட்டும் போதவே போதாது.

வருட ரிட்டர்ன்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். 50% ஏறி அடுத்த வருடம் 40% இறங்கினால் சராசரி 5% லாபம் என்று வரும்; கையில் 100 ரூபாய் 90 ஆகியிருக்கும். சிஏஜிஆர் (கூட்டு வருட வளர்ச்சி விகிதம்) தான் சரி. அதிலும் தொடக்கத் தேதி ஏமாற்றும்: 2020 ஜனவரி 14-இல் 12,362-இல் முடிந்த நிஃப்டி, மார்ச் 23-இல் 7,610. அந்த அடிமட்டத்திலிருந்து எண்ணினால் அனேகமாக எந்தப் பங்கும் தங்கமாகத் தெரியும். ஒவ்வொரு மாதத்தையும் தொடக்கமாக வைத்து 3 வருட ரோலிங் ரிட்டர்ன் எடுங்கள். எத்தனை முறை எஃப்டி வட்டிக்குக் கீழே போனது என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்குநோட்டு
நன்றி. விலைகளைத் திருத்திவிட்டேன். அதிகபட்ச வீழ்ச்சிக்கு என்ன ஃபார்முலா?

பதில் – தராசுமுள்
எக்செல்லில் பக்கத்து நெடுவரிசையில் அன்றுவரையிலான உச்ச விலை. அடுத்த நெடுவரிசையில் விலை ÷ உச்சம் − 1. அதில் மிகக் குறைந்த எண்தான் மேக்ஸிமம் டிராடவுன். பழைய உச்சத்தைத் திரும்பத் தொட எத்தனை மாதம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 40% இறங்கிய பங்கு பழைய இடத்துக்கு வர 67% ஏற வேண்டும்.